ஐந்து நாள் காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு... குழந்தையின் இதயத்துக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் ரத்தப் பரிசோதனைகள்!

*காய்ச்சல் விட்டுவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமா? கவாஸாகி நோயில் அப்படி நினைப்பதுதான் ஆபத்து. பெற்றோர் அறிய வேண்டிய தகவல்கள் இங்கே!*

மருங்காபுரி பக்கம் ஒரு கிராமத்து வீடு. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. வெள்ளிக்கிழமை ராத்திரி உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. மறுநாள் மெடிக்கலில் காய்ச்சல் சிரப் வாங்கிக் கொடுக்கிறார்கள். குறைந்த காய்ச்சல் நான்கு மணி நேரத்தில் திரும்ப ஏறுகிறது. மூன்றாம் நாள் துவரங்குறிச்சிக்குத் தூக்கிப்போய்க் காட்டுகிறார்கள். 'தொண்டையில சளி கட்டியிருக்கு' என்று ஆன்டிபயாட்டிக் எழுதித் தருகிறார்கள். நான்காம் நாள் காலையில் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. கண் இரண்டும் சிவந்திருக்கிறது. உதடு வெடித்து ரத்தம் கசிகிறது.

'ஆத்தா வந்திருக்கா. ஊசி கீசி போட்டுராதீங்க' என்கிறார் அப்பாயி. வாசலில் வேப்பிலை செருகப்படுகிறது. இளநீர், நீர்மோர் தருகிறார்கள். ஆறாம் நாளும் அனல் அடங்காததால், 'டெங்குவா இருக்குமோ' என்ற பயத்தில் ரத்தம் பார்க்கிறார்கள். தட்டணு குறையவில்லை. 'அப்பாடா' என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பதினோராம் நாள் காய்ச்சல் தானாகவே விடுகிறது. இரண்டு வாரம் ஆனபோது விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரிகிறது. 'சூடு இறங்குது' என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறார் அம்மா. குழந்தை ஓடி விளையாடுகிறது. எல்லாம் சரியாகிவிட்டது.

சரியாகிவிட்டதா?

இது யாரோ ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. ஆனால் கவாஸாகி நோய் என்ற ஒன்று எப்படித் தவறிப்போகிறது என்பதற்கு, இந்த வீட்டில் நடந்தவை ஒவ்வொன்றும் பாடப் புத்தகத்தில் உள்ளபடிதான். காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண், வெடித்த உதடு, கடைசியில் உரியும் தோல். வெளியே தெரிந்த எல்லாம் மறைந்துவிட்டன. அந்தப் பத்துப் பதினோரு நாளில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் என்ன நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

பெயர் தெரியாத நோய்

1961 ஜனவரி. டோக்கியோவில் உள்ள செஞ்சிலுவை மருத்துவமனைக்கு நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். விடாத காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. அவனைப் பார்த்தவர் குழந்தைகள்நல மருத்துவர் டொமிசாகு கவாஸாகி. தெரிந்த எந்த நோயோடும் அது பொருந்தவில்லை. சிறுவன் குணமாகி வீட்டுக்குப் போனபோது, நோயின் பெயர் தெரியவில்லை என்றே பதிவானது.

அடுத்த ஆண்டு அதே அடையாளங்களோடு இன்னொரு குழந்தை வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. 1967-ல், 50 குழந்தைகளைப் பற்றிய விவரங்களோடு ஜப்பானிய மொழியில் கட்டுரை வெளியிட்டார் கவாஸாகி. அப்போது அவரும் இது தானாகவே குணமாகிவிடும் நோய் என்றுதான் நம்பினார்.

அந்த நம்பிக்கை 1970-ல் உடைந்தது. ஜப்பான் முழுக்க நடத்திய முதல் கணக்கெடுப்பில், இந்த நோய் வந்துபோன குழந்தைகளில் சிலர் திடீரென்று இறந்திருப்பது தெரியவந்தது. பிரேதப் பரிசோதனையில் 10 குழந்தைகளின் இதயத் தமனிகள் கெட்டிருந்தன. அதாவது, குணமாகி வீட்டுக்குப் போன குழந்தைகள்!

1974-ல் ஆங்கிலத்தில் கட்டுரை வந்த பிறகு உலகம் முழுக்க மருத்துவர்கள் இந்த நோயை அடையாளம் காணத் தொடங்கினார்கள். தன் பெயரிலேயே அழைக்கப்படும் நோயை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கவாஸாகி, 2020 ஜூன் மாதம் 95 வயதில் காலமானார். நோய்க்கு என்ன காரணம் என்பது அவர் இருந்தவரை தெரியவில்லை. இன்றும் உறுதியாகத் தெரியாது. ஏதோ ஒரு கிருமி தூண்டிவிட, சில குழந்தைகளின் நோய் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிக் கொந்தளிக்கிறது என்பதுதான் இப்போதைய புரிதல். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோய் இது அல்ல.

ரத்தக்குழாய் ஏன் புடைக்கிறது?

கவாஸாகி நோய், ரத்தக்குழாய்களின் சுவரில் வரும் அழற்சி. நடுத்தர அளவுள்ள தமனிகளைத்தான் அதிகம் தாக்கும். அதிலும் இதயத் தசைக்கு ரத்தம் தரும் கொரோனரி தமனிகள்தான் முதல் இலக்கு.

சைக்கிள் டயர் ஓரிடத்தில் கிழிந்தால் உள்ளே இருக்கும் ட்யூப் அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும் இல்லையா? அதுபோல, ரத்த வெள்ளை அணுக்கள் தமனிச் சுவருக்குள் நுழைந்து அதன் மீள்தன்மையுள்ள இழைகளை அரித்துவிட்டால், பலம் இழந்த இடம் ரத்த அழுத்தத்தால் புடைக்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் அனியூரிசம் என்கிறார்கள். புடைத்த இடத்தில் ரத்தம் தேங்கி உறையலாம். ஆண்டுகள் கழித்து அதே இடம் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம். சின்ன வயதிலேயே மாரடைப்பு வருவதற்கு இது ஒரு காரணம்.

சிகிச்சை தராமல் விட்டால் நான்கைந்து குழந்தைகளில் ஒருவருக்கு இந்தப் பாதிப்பு வரலாம். முதல் பத்து நாள்களுக்குள் சரியான மருந்து ஏறிவிட்டால், அது 100-ல் நான்கைந்து குழந்தைகள் என்ற அளவுக்குக் குறைந்துவிடும். இதனால்தான் இந்த நோயில் நாள் கணக்கு அவ்வளவு முக்கியம்.

கவனிக்க வேண்டிய ஐந்து அடையாளங்கள்

பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. ஐந்து நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் காய்ச்சலோடு, கீழே உள்ளவற்றில் நான்கு இருந்தால் கவாஸாகி நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.

• இரண்டு கண்களும் சிவந்திருக்கும். ஆனால் பீளை கட்டாது.

• உதடு சிவந்து வெடிக்கும். நாக்கு ஸ்ட்ராபெர்ரி பழம்போலச் சொரசொரப்பாகச் சிவந்திருக்கும்.

• உடம்பில் சிவப்புத் தடிப்புகள் தோன்றும். அம்மைக் கொப்புளம்போல நீர் கோத்திருக்காது.

• உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து வீங்கும். இரண்டு, மூன்று வாரங்களில் விரல் நுனித் தோல் உரியும்.

• கழுத்தில், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், நெறி கட்டும்.

நம் ஊர்க் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இடது தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி போடுகிறோம். அந்தத் தழும்பு திடீரென்று சிவந்து தடித்தால், கைக்குழந்தைகளில் அதுவும் ஒரு முக்கியமான துப்பு. எதற்கும் சமாதானமாகாமல் குழந்தை ஓயாமல் அழுவதும் இந்த நோயில் சகஜம்.

சிக்கல் என்னவென்றால், இவை எல்லாம் ஒரே நாளில் வராது. திங்கள்கிழமை வந்த தடிப்பு புதன்கிழமை மறைந்திருக்கும். மருத்துவர் பார்க்கும்போது கண் சிவப்பு போயிருக்கும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு, அதிலும் ஆறு மாதத்துக்குக் குறைவான பச்சிளம் குழந்தைகளுக்கு, இரண்டு மூன்று அடையாளங்களோடு நின்றுவிடலாம். சில நேரம் காய்ச்சலைத் தவிர எதுவுமே இருக்காது. ஆனால் இதயத் தமனி பாதிக்கும் ஆபத்து அந்த வயதில்தான் அதிகம். அடையாளங்கள் முழுதாக இல்லாத இந்த இடத்தில்தான் ரத்தப் பரிசோதனை கைகொடுக்கிறது.

ரத்தம் என்ன சொல்கிறது?

'கவாஸாகி பாசிட்டிவ்' என்று ஒரே வரியில் சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. பல எண்களைச் சேர்த்துப் படித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை திருச்சியில் மட்டுமல்ல, மணப்பாறை போன்ற ஊர்களிலும் எடுக்கக்கூடிய சாதாரணப் பரிசோதனைகள்தான்.

சி.ஆர்.பி.: உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம். அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அடையாளங்கள் முழுதாக இல்லாத குழந்தைக்கு இது டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்தகட்டப் பரிசோதனைகளுக்குப் போக வேண்டும். இங்கே பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் லேப்கள் பலவற்றில் இந்த அளவை லிட்டர் கணக்கில் தருகிறார்கள். டெசிலிட்டருக்கு 3 என்பதும் லிட்டருக்கு 30 என்பதும் ஒன்றுதான். இணையத்தில் படித்த எண்ணையும் கையில் இருக்கும் ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டு வீணாகப் பதறவோ, தவறாக நிம்மதி அடையவோ வேண்டாம்.

ஈ.எஸ்.ஆர்.: இதுவும் அழற்சியைக் காட்டும் பழைய பரிசோதனை. மணிக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கவாஸாகிக்கான மருந்து ஏறிய பிறகு இதை நம்ப முடியாது. அந்த மருந்தே ஈ.எஸ்.ஆரை உயர்த்திக் காட்டும்.

ஆல்புமின்: ரத்தக்குழாய்ச் சுவர் அழற்சியால் கசியத் தொடங்கினால், ரத்தத்தில் உள்ள இந்தப் புரதம் வெளியேறிக் குறைந்துவிடும். டெசிலிட்டருக்கு 3 கிராமோ அதற்குக் கீழோ போனால் கவனிக்க வேண்டும்.

சோடியம்: உப்பின் அளவு 133-க்கு மேல் போகாமல் நின்றால், நோய் கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

கல்லீரல் நொதிகள், ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள்: கல்லீரல் நொதிகள் உயர்வது, வயதுக்குத் தேவையானதைவிட ரத்தம் குறைவது, வெள்ளை அணுக்கள் 15,000-ஐத் தொடுவது அல்லது தாண்டுவது ஆகிய மூன்றும் கணக்கில் வரும்.

சிறுநீர்: சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரியும். ஆனால் கல்ச்சர் செய்தால் கிருமி வளராது. 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நாள்கள் ஓடிவிடுவது உண்டு.

என்.டி. புரோ பி.என்.பி.: இதயத் தசை இழுபட்டுத் திணறும்போது வெளியாகும் பொருள். சாதாரண வைரஸ் காய்ச்சலில் இது அவ்வளவாக உயராது. அதனால் கவாஸாகியைப் பிரித்தறிய இது உதவுமா என்று கனடா, ஜப்பான், நம் சண்டிகர் எனப் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். உதவுகிறது. ஆனால் வயதுக்கு வயது அளவு மாறும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. இந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் நகரத்து லேப்தான்.

டெங்குக் கணக்கு இங்கே செல்லாது

தமிழ்நாட்டில் காய்ச்சல் என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது, 'தட்டணு எவ்வளவு?' என்றுதான். டெங்குவில் தட்டணுக்கள் குறையும். குறையவில்லை என்றால் பயம் விட்டுப்போகிறது.

கவாஸாகியில் கதை வேறு. முதல் வாரத்தில் தட்டணுக்கள் பெரும்பாலும் சாதாரண அளவில் இருக்கும். இரண்டாம் வாரத்தில்தான் ஏறத் தொடங்கும். நான்கரை லட்சத்தைத் தாண்டும். சில குழந்தைகளுக்குப் பத்து லட்சம்கூடப் போகும். ஆகவே ஆறாம் நாள் 'தட்டணு நார்மல்' என்று வரும் ரிப்போர்ட், டெங்குவைப் பற்றி மட்டுமே ஓரளவு ஆறுதல் தரும். கவாஸாகி இல்லை என்பதற்கு அது சாட்சி அல்ல. அதோடு, தொடக்கத்திலேயே தட்டணுக்கள் குறைவாக இருப்பது, பின்னால் இதயம் பாதிக்கும் ஆபத்து கூடுதல் என்பதற்கான அறிகுறியாகவும் கருதப்படுகிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்? மதிப்பெண் முறை

நோயைக் கண்டுபிடிப்பது முதல் படி. 'இந்தக் குழந்தைக்கு வழக்கமான மருந்து போதுமா, கூடுதலாக ஏதாவது தேவையா?' என்பது அடுத்த கேள்வி. ஏனென்றால் பத்தில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்கு முதல் மருந்துக்குக் காய்ச்சல் அடங்குவதில்லை. தமனி புடைக்கும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

அவர்களை முன்கூட்டியே கண்டறிய, 2006-ல் ஜப்பானின் டோரு கோபயாஷி குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். சோடியம் 133-ஐத் தாண்டாதது, நான்காம் நாளுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்பட்டது, ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதி 100-ஐத் தொட்டது, நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் 80 சதவிகிதத்தை எட்டியது ஆகிய நான்குக்கும் தலா 2 மதிப்பெண். சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 10-ஐ எட்டியது, வயது ஒன்று அல்லது அதற்குக் குறைவு, தட்டணு 3 லட்சம் அல்லது அதற்குக் குறைவு ஆகிய மூன்றுக்கும் தலா 1 மதிப்பெண். மொத்தம் 11. அதில் 4 வாங்கினாலே ஆபத்துப் பட்டியல்.

இந்தக் கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. மதிப்பெண் அதிகமாக இருந்த 248 குழந்தைகளை வைத்து ஜப்பானில் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான மருந்து மட்டும் கொடுத்த பிரிவில் 23 சதவிகிதம் பேருக்கு இதயத் தமனி பாதித்தது. அதோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 3 சதவிகிதம் பேருக்குத்தான் பாதித்தது. 2012-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு இது. சாதாரணமாகக் கிடைக்கும் ஏழு தகவல்கள், எந்தக் குழந்தைக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்லிவிட்டன.

ஆனால் இதே கணக்கை அமெரிக்கக் குழந்தைகளிடம் போட்டுப் பார்த்தபோது ஆபத்தில் இருந்த பலர் தவறிப்போனார்கள். ஒரு நாட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்தும் அளவுகோல் இன்னொரு நாட்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. வட அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஆய்வு, நான்கு விஷயங்களை முன்னிறுத்தியது. முதல் எக்கோவிலேயே தமனி விரிந்திருப்பது, வயது ஆறு மாதத்துக்குக் குறைவு, ஆசிய வம்சாவளி, டெசிலிட்டருக்கு 13 அல்லது அதற்கு மேற்பட்ட சி.ஆர்.பி. இந்த நான்கில் ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனிக்கலாம்.

ஆக, ரத்தம் எச்சரிக்கும். உறுதிசெய்வது எக்கோ. கதிர்வீச்சு இல்லாத, வலிக்காத இந்த ஸ்கேனில் தமனியின் உள்விட்டத்தை அளந்து, அந்தக் குழந்தையின் உயரம், எடைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீட்டு எண்ணுக்கு இசட் ஸ்கோர் என்று பெயர். இது இரண்டரைக்குக் கீழே இருந்தால் அனியூரிசம் இல்லை. இரண்டரை முதல் ஐந்து வரை சிறியது. ஐந்து முதல் பத்து வரை நடுத்தரம். பத்தைத் தொட்டால் மிகப் பெரியது. எக்கோவிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் வாரத்தில் எடுத்தது நார்மல் என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தமனி பிறகும் விரியலாம்.

இந்தியாவில் எவ்வளவு?

ஜப்பானில் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் இந்த நோய் கண்டறியப்படுகிறது. இந்தியாவில்? நாடு முழுவதற்குமான கணக்கு இல்லை. நம்மிடம் இருக்கும் நல்ல கணக்கு சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையுடையது. அங்கே குழந்தைகள்நல மருத்துவர் சுர்ஜித் சிங் தலைமையிலான குழு 1994 முதல் இதைப் பதிவு செய்தது. 1994-ல், 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு 0.51 என்று இருந்த எண்ணிக்கை, 2007-ல் 4.54 ஆனது. நோயே கூடியிருக்கலாம், அல்லது மருத்துவர்கள் அதைத் தேடிப் பார்க்கத் தொடங்கியதால் கூடியிருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இரண்டாவது காரணம் உண்மையென்றால், யாரும் தேடாத ஊர்களில் எத்தனை குழந்தைகள் 'அம்மை போட்டு இறங்கிவிட்டது' என்ற கணக்கில் போயிருப்பார்கள்?

2020-ல் கொரோனா வந்தபோது இந்தக் கேள்விக்குப் புதிய அழுத்தம் கிடைத்தது. தொற்று வந்துபோன சில வாரங்களில் சில குழந்தைகளுக்குக் கவாஸாகியைப் போலவே காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண் எல்லாம் வந்தன. இதயமும் திணறியது. மிஸ்-சி என்று அழைக்கப்பட்ட அந்தப் பாதிப்போடு வந்த எட்டு வயதுச் சிறுவனை, சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் குணப்படுத்தி, அந்த ஆண்டே மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள். மிஸ்-சி குழந்தைகள் பெரும்பாலும் வயதில் கொஞ்சம் பெரியவர்கள். அவர்களுக்குத் தட்டணுவும் லிம்போசைட் அணுக்களும் குறையும். புரோ பி.என்.பி. தாறுமாறாக ஏறும். கவாஸாகியையும் மிஸ்-சியையும் பிரித்தறிய உதவியதும் ரத்தப் பரிசோதனைதான்.

மருந்து ஒன்று, கொடையாளிகள் ஆயிரம்

கவாஸாகிக்கான முதன்மை மருந்து ஐ.வி.ஐ.ஜி. எனப்படும் இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். 1984-ல் ஜப்பான் மருத்துவர்களும், 1986-ல் அமெரிக்க மருத்துவர்களும் இது இதயத் தமனிகளைக் காப்பாற்றுகிறது என்று நிரூபித்தார்கள். குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராம். இதை 10, 12 மணி நேரத்தில் ஒரே தவணையாக ஏற்றுவார்கள். கூடவே ஆஸ்பிரின்.

பத்து கிலோ குழந்தைக்கு 20 கிராம். ஐந்து கிராம் குப்பி என்றால் நான்கு குப்பி. ஒவ்வொன்றின் விலையும் பல ஆயிரம் ரூபாய். கடலை போட்டு, ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது ஒரே நாளில் புரட்டக்கூடிய பணம் அல்ல. அதனால் பணம் புரட்டிக்கொண்டு நாளைக் கடத்துவதைவிட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போவதே நல்லது. மருங்காபுரி வட்டாரத்துக்கு அது திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்குமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மருந்து ஏறி முடிந்து 36 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் இருந்தால், இரண்டாவது முறை ஐ.வி.ஐ.ஜி., ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. பத்து நாள் தாண்டிவிட்டதே என்றும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. காய்ச்சல் இன்னும் இருந்தாலோ, சி.ஆர்.பி. இறங்காமல் தமனி விரிந்திருந்தாலோ, அப்போதும் சிகிச்சை உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு

காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. குறைந்த அளவு ஆஸ்பிரினை ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை கொடுக்கச் சொல்வார்கள். தமனி புடைத்திருந்தால் இன்னும் நீளும். ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறை, நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒருமுறை என எக்கோவைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரேய் சிண்ட்ரோம் என்ற அரிதான, ஆனால் ஆபத்தான பாதிப்பு வரலாம். அதேபோல ஐ.வி.ஐ.ஜி. ஏறிய குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளை 11 மாதங்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தடுப்பூசி போடும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள்.

அம்மையா, கவாஸாகியா?

சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொள்வதிலோ, வாசலில் வேப்பிலை செருகுவதிலோ குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும். 'மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று காத்திருப்பதுதான் கெடுதல். தட்டம்மையில் பொதுவாக மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், கண்ணில் நீர் வடியும். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் வரும். இவை இல்லாமல் காய்ச்சலும் சிவப்புமாகவே நாள்கள் நகர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

பெற்றோர் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

• காய்ச்சல் தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்துவைக்கவும். மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். காய்ச்சல் தொடங்கிய நாளே முதல் நாள்.

• தடிப்பு, கண், உதடு, நாக்கு, உள்ளங்கை ஆகியவற்றைத் தெரியும் நாளிலேயே செல்போனில் படம் எடுக்கவும். மறைந்த பிறகு மருத்துவருக்குக் காட்ட அதுதான் இருக்கும்.

• எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கவரில் வைக்கவும். ஒரு நாள் எண்ணைவிட, எண் எப்படி மாறுகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

• ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு வேறு காரணம் தெரியாமல் ஏழு நாள் காய்ச்சல் நீடித்தால், வேறு எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் எக்கோவும் அவசியம்.

• தானாக ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்கக் கூடாது. மற்ற காய்ச்சல்களில் அது குழந்தைக்கு ஆபத்து.

இதைப் படித்துவிட்டுக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பதற வேண்டாம். பெரும்பாலான காய்ச்சல்கள் மூன்று நான்கு நாளில் விட்டுவிடும் வைரஸ் காய்ச்சல்கள்தான். ஆனால் காலண்டரில் ஐந்தாவது நாளைக் குறிக்கும்போதும் உடம்பு கொதித்தால், குழந்தைகள்நல மருத்துவரிடம் போய் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், இது கவாஸாகியா இருக்குமா? சி.ஆர்.பி. பார்த்துடலாமா?"

விரல் நுனியில் தோல் உரிந்த குழந்தை வீட்டில் இருந்தாலும் இப்போதே போகலாம். நடந்துபோன காய்ச்சலைப் பற்றிச் சொல்லி, ஒரே ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள். நார்மல் என்று வந்தால் நிம்மதி. இல்லையென்றால், மாரடைப்பாக அது தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிகிச்சையைத் தொடங்கியிருப்பீர்கள்.